டர்போ எஞ்சினில் காற்றை அளப்பதும் பெட்ரோலை அளந்து ஊற்றுவதும்: மாஃபை வைத்துக்கொள்ளலாமா, கழற்றிவிடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். இன்ஜெக்டர்கள் இன்டேக் போர்ட்டில் பெட்ரோலைத் தெளிப்பவை. பழைய 380 சிசி இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு 575 சிசி போட்டிருக்கிறீர்கள். 60 மி.மீ. குழாயில் இருந்த மாஃப் சென்சாரை, அதாவது உள்ளே போகும் காற்றின் எடையை அளக்கும் சென்சாரை, 75 மி.மீ. குழாய்க்கு மாற்றியிருக்கிறீர்கள். மென்பொருளில் இன்ஜெக்டர் அளவைத் திருத்தி, மாஃப் அட்டவணை முழுவதையும் 1.56 ஆல் பெருக்கியாயிற்று. இப்போது ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்குகிறது, சைலன்சரில் பெட்ரோல் வாடை, ஃபியூல் ட்ரிம், அதாவது எஞ்சினின் கணினியான ஈசியு கலவையைச் சரிசெய்யத் தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல், −18%. நிதானமாக ஓட்டினால் −5%, அதில் பெரிய தொந்தரவு இல்லை. 1 பார் பூஸ்டில் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) 5500 ஆர்பிஎம் தாண்டினால் லாம்டா (கலவையின் அளவு; 1 என்றால் சரிசமம், கீழே போனால் பெட்ரோல் கூடுதல், மேலே போனால் குறைவு) 0.80 இருக்க வேண்டிய இடத்தில் 0.92 காட்டுகிறது. மாஃப் எண்களை அங்கங்கே கூட்டிக் குறைத்தால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். மாஃபே வேண்டாம், இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம், வெப்பம், ஆர்பிஎம் ஆகியவற்றிலிருந்து காற்றைக் கணக்கிடும் ஸ்பீட் டென்சிட்டிக்கு மாறிவிடு என்று இன்னொருவர் சொல்கிறார். எல்லாம் சரியானதும் 1.3 பார் வரை போக வேண்டும் என்பது உங்கள் ஆசை.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒன்று: முழு பூஸ்டில் மிதித்துப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பூஸ்ட் இல்லாத எஞ்சின் 0.92-ஐ ஓரளவு பொறுத்துக்கொள்ளும். 1 பார் பூஸ்டில் அப்படி இல்லை. அங்கே கூடுதல் பெட்ரோல் வெறும் சக்திக்காக மட்டும் போவதில்லை, எரியறையைக் குளிர்விக்கவும் போகிறது. அது குறைந்தால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வரும், பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய விளிம்பு முதலில் உடையும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஈசியு அடிப்படையில் இரண்டே கேள்விகளுக்கு விடை தேடுகிறது. எவ்வளவு காற்று உள்ளே வந்தது? அதற்குத் தேவையான பெட்ரோலைக் கொடுக்க இன்ஜெக்டரை எத்தனை மில்லி விநாடி திறந்து வைக்க வேண்டும்? முதல் விடை மாஃப் அட்டவணையிலிருந்து வருகிறது. இரண்டாவது, இன்ஜெக்டரின் அளவு, டெட் டைம் (அது திறக்க ஆகும் நேரம்), ரயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தம் ஆகியவற்றிலிருந்து. காற்றுக் கணக்கில் பிழை இருந்தால் காற்றுக் கணக்கில்தான் திருத்த வேண்டும், எரிபொருள் கணக்கில் பிழை இருந்தால் அங்கேதான் திருத்த வேண்டும். நான் சொல்லப்போவது முழுக்க இதைச் சுற்றித்தான். ஒன்றில் உள்ள பிழையை மற்றொன்றில் பொய் எழுதி மறைத்தால், லாம்டாவைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரில் எண் அழகாக வந்துவிடும். ஆனால் அந்தப் பொய் வேறு இடத்தில் வெடிக்கும்.

எங்கே வெடிக்கும் என்று பார்ப்போம். இக்னிஷன் டைமிங் அட்டவணையை ஈசியு ஆர்பிஎம்மையும் லோடையும் வைத்துத்தான் படிக்கிறது. மாஃப் உள்ள எஞ்சினில் லோடு என்பது ஒரு சுற்றுக்கு எத்தனை கிராம் காற்று என்பதுதான். பழைய காலத்தில் பெரிய இன்ஜெக்டர் போட்டுவிட்டு, மாஃப் சிக்னலைக் குறைத்துக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றை நடுவில் மாட்டுவார்கள். உங்கள் 575-ஐ அப்படிச் சமாளிக்க வேண்டுமென்றால் சிக்னலை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைக்க வேண்டும். கலவை சரியாகிவிடும். ஆனால் உண்மையில் முழு பூஸ்டில் இருக்கும் எஞ்சினை, ஈசியு பாதி மிதியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்த லோடுக்கு உரிய தீப்பொறியைப் பல டிகிரி முன்னாலேயே கொடுக்கும். ‘கலவை சரியாகத்தானே இருந்தது, எஞ்சின் ஏன் போனது?’ என்று கேட்பவர்களில் பலருக்கு விடை இதுதான்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் வண்டியில் 0.6 பாருக்கு மேல் கலவை 0.72 வரை ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, போனது. மாஃப் வளைவின் அந்தப் பகுதியை இரண்டு இரவு உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 0.80-க்குக் கொண்டுவந்தேன். கோடு போட்டதுபோல நின்றது. அடுத்த வாரம் வேறு வேலைக்காக இன்டர்கூலர் குழாயைக் கழற்றியபோது, கீழ்ப்பக்கத்துக் கிளாம்ப் ஒன்று கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. ரப்பர் ஹோஸின் உள்ளே எண்ணெய்க் கசிவு பளபளத்தது. இறுக்கிவிட்டு வண்டியை எடுத்தேன். முதல் இழுப்பிலேயே 0.90, கூடவே சரளைக்கல்லை டப்பாவில் போட்டு ஆட்டியது போன்ற அந்தச் சத்தம். காலை எடுத்துவிட்டதால் எஞ்சின் தப்பியது. நடந்தது இதுதான்: மாஃப் அளந்த காற்றில் ஒரு பகுதி பூஸ்ட் ஏறும்போதெல்லாம் அந்தக் கிளாம்ப் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. ஈசியு முழுக் காற்றுக்கும் பெட்ரோல் ஊற்றியது, அதனால் ரிச். நான் கிளாம்பைத் திருத்தாமல் மாஃபைத் திருத்தினேன். ஓட்டை அடைபட்டதும் என் திருத்தம் எல்லாம் பொய்யாகி நின்றது.

அதனால் உங்கள் முதல் வேலை லேப்டாப்பில் இல்லை, குழாய்களில். டர்போவின் வாயில், மாஃபுக்குப் பின்னால், ஒரு மூடியை இறுக்கி, கம்ப்ரசரிலிருந்து காற்றை மெதுவாக ஏற்றி, நீங்கள் ஓட்டும் பூஸ்ட் அளவுக்குக் கொண்டுபோங்கள். எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். த்ராட்டில் தண்டு, இன்ஜெக்டர் ஓ ரிங், பிரேக் பூஸ்டர் ஹோஸ், டைவர்ட்டர் வால்வு, இன்டர்கூலரின் ஓரத் தையல் எல்லாம் பாருங்கள். திறந்திருக்கும் வால்வுகள் வழியாகக் கொஞ்சம் காற்று எஞ்சினுக்குள் போகும், அது இயல்பு. எண்ணெய் மூடியைத் திறந்து வைத்துவிடுங்கள், சீல்களில் அழுத்தம் சேராது. மாஃப் உள்ள வண்டியில் ஒரே ஓட்டை இரண்டு முகம் காட்டும். த்ராட்டிலுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டை ஐடிலில் அளக்காத காற்றை உள்ளே இழுத்து லீன் (பெட்ரோல் குறைவு) ஆக்கும், அதே ஓட்டை பூஸ்டில் அளந்த காற்றை வெளியே விட்டு ரிச் ஆக்கும். உங்கள் வண்டி இதற்கு நேரெதிராக, ஐடிலில் ரிச், பூஸ்டில் லீன். ஆகவே உங்கள் பிரச்சினைக்கு ஓட்டை காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் சோதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து எடுக்கும் எண் எதையும் நம்ப முடியாது.

என் கணிப்பில் உங்களுக்கு இருப்பது ஒரு நோய் இல்லை, தொடர்பில்லாத இரண்டு. மேலே லீன் ஒன்று, கீழே ரிச் இன்னொன்று. ஆபத்தானது மேலே இருப்பது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

0.80 வேண்டிய இடத்தில் 0.92 என்றால் பெட்ரோல் சுமார் 13% குறைவாகப் போகிறது. நாலு காரணம் இருக்கலாம், ஒவ்வொன்றும் லாகில் (ஓடும்போது சென்சார் எண்களை எடுத்த பதிவு) ஒவ்வொரு விதமாகத் தடம் விடும். ஒன்று, ஃபியூல் பிரஷர் ரெகுலேட்டரின் வேகுவம் ஹோஸ் கழன்றோ கிழிந்தோ இருப்பது. ரயிலில் 3 பார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேனிஃபோல்டில் 1 பார் பூஸ்ட் வந்தால் இன்ஜெக்டர் அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தெளிக்க வேண்டும். ஹோஸ் சரியாக இருந்தால் ரெகுலேட்டர் ரயிலை 4 பாருக்கு உயர்த்தி, இடையே உள்ள வித்தியாசத்தை 3 பாரிலேயே வைத்திருக்கும். ஹோஸ் இல்லையென்றால் வித்தியாசம் 2 பாராகக் குறையும். பாய்வு அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால் 18% பெட்ரோல் குறையும். ஆனால் இந்தக் குறை பூஸ்டைப் பொறுத்தது, ஆர்பிஎம்மைப் பொறுத்தது அல்ல. 3500-ல் 1 பார் வந்தாலும் லீன் ஆகியிருக்க வேண்டும், 0.5 பாரிலேயே 9% குறை தெரிய வேண்டும். உங்களுக்கு 5500-க்குப் பிறகு மட்டும்தான் என்பதால் ஹோஸ் பெரும்பாலும் குற்றவாளி இல்லை.

இரண்டாவது, மாஃப் சென்சார் தன் உச்சத்தைத் தொட்டுவிடுவது. 5 வோல்ட்டில் முட்டிக்கொண்டு நின்றால் அதற்கு மேல் வரும் காற்று ஈசியுவுக்குத் தெரியவே தெரியாது. லாகில் மாஃப் வோல்ட் சமதளமாக நிற்கும், ஆர்பிஎம் மட்டும் ஏறும். நீங்கள் குழாயைப் பெரிதாக்கியதால் அதே காற்றுக்குச் சென்சாரைத் தொட்டுப் போகும் வேகம் குறைந்திருக்கும், ஆகவே உச்சம் தொட வாய்ப்பு குறைவு. ஒரே பார்வையில் தெரிந்துவிடும், பார்த்துவிடுங்கள். மூன்றாவது, இன்ஜெக்டர் திறந்தே கிடக்கும் அளவுக்கு டியூட்டி சைக்கிள் (கிடைக்கும் நேரத்தில் அது திறந்திருக்கும் பங்கு) ஏறிவிடுவது. கீழே போடப்போகும் கணக்குப்படி உங்களுக்கு அது 67% அளவில்தான் வர வேண்டும்.

மிஞ்சுவது நாலாவது, நான் பந்தயம் கட்டுவது: பம்ப் ஈடுகொடுக்கவில்லை. ஆர்பிஎம் ஏற ஏற நிமிடத்துக்கு வேண்டிய பெட்ரோல் கூடுகிறது. பம்பின் வரத்து போதாமல் போகும் இடத்தில் ரயில் அழுத்தம் சரியத் தொடங்கும். 13% குறை என்பதைத் திருப்பிக் கணக்குப் போட்டால், அழுத்த வித்தியாசம் 3 பாரிலிருந்து ஏறக்குறைய 2.3-க்கு விழுந்திருக்க வேண்டும். அதாவது ரயிலில் 4 பார் நிற்க வேண்டிய நேரத்தில் 3.3 பார்தான் இருக்கும். ரயிலில் ஒரு அழுத்த சென்சார் மாட்டி, அதையும் லாகில் சேர்த்து எடுத்தால் சந்தேகமே மிஞ்சாது. பூஸ்ட் எஞ்சின் வைத்திருப்பவர் வாங்க வேண்டிய முதல் சென்சார் எது என்று கேட்டால் வைட்பேண்டுக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன்.

பம்பைக் குறை சொல்லும் முன்பு அதற்கு வரும் கரண்டைப் பாருங்கள். பழைய வயரிங்கில் பம்ப் கனெக்டரில் 12 வோல்ட்கூட வராத வண்டிகள் நிறைய. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஒரு அளவு, பம்ப் முனையில் ஒரு அளவு எடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்டுத் தனி வயர் இழுத்து, பழைய வயரை ரிலேயை இயக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எர்த் வயரையும் மறக்க வேண்டாம். ஃபில்டர் எப்போது மாற்றியது என்றும் யோசியுங்கள். பம்ப் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காமல், 4 பாரிலும் உங்கள் வோல்ட்டிலும் அது எவ்வளவு கொடுக்கும் என்ற அட்டவணையைப் பாருங்கள். அழுத்தம் கூடக் கூடப் பம்பின் வரத்து இறங்கும். பூஸ்ட் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் கேட்கும். 300 குதிரைத்திறனுக்கு 81 கிலோ, அதாவது மணிக்கு 110 லிட்டர். 1.3 பாருக்கு ஆசைப்படுவதால் அதற்கு மேலேயும் இடம் வைத்து வாங்குங்கள்.

இங்கே வைட்பேண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது அளப்பது பெட்ரோலை அல்ல, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை. ஒரு சிலிண்டரில் தீப்பொறி அணைந்து போனால் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வந்து, மீட்டர் லீன் என்று சொல்லும். பூஸ்டில் அழுத்தம் கூடும்போது பிளக் இடைவெளி அதிகமாக இருந்தால் பொறி தாண்டாமல் போவது சகஜம். லீன் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டக் கூட இன்னும் மோசமாகும். மீட்டரின் கோடு நடுங்கியபடி ஏறினால், எஞ்சினும் திக்கினால், பிளக் இடைவெளியை 0.7 மி.மீ. பக்கம் குறைத்துப் பாருங்கள். கோடு வழவழப்பாக ஏறினால் அது உண்மையான லீன். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் ஜாயின்டில் கசிவு இருந்தாலும் லீன் காட்டும். இன்னொன்று, மீட்டரைக் காற்று எரிபொருள் விகிதத்தில் வைக்காமல் லாம்டாவில் வையுங்கள். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7, பத்து சதவீத எத்தனால் கலந்ததற்கு 14.1, எண்பத்தைந்து சதவீதத்துக்கு 9.8 என்று அந்த எண் மாறிக்கொண்டே இருக்கும். லாம்டா 1 எல்லாவற்றுக்கும் 1தான்.

இப்போது கீழே, ஐடிலுக்கு வருவோம். இன்ஜெக்டருக்குக் கரண்ட் போன உடனே அது திறப்பதில்லை. ஊசி எழும்பச் சிறிது நேரம் ஆகும், அந்த நேரத்தில் பெட்ரோல் வராது. இதுதான் டெட் டைம். ஈசியு தனக்கு வேண்டிய நேரத்தோடு இதையும் கூட்டிப் பல்ஸ் அனுப்பும். நீங்கள் இன்ஜெக்டர் அளவை மாற்றினீர்கள், டெட் டைம் அட்டவணையை மாற்றியதாக எழுதவில்லை. பழையது 14 வோல்ட்டில் 1.1 மில்லி விநாடி, புதியதற்கு உண்மையில் 0.9 என்று வைத்துப் பார்ப்போம். ஐடிலில் ஈசியுவுக்கு 1.0 மில்லி விநாடி பெட்ரோல் வேண்டும். அது 2.1 அனுப்பும். இன்ஜெக்டர் 0.9-ல் திறந்துவிடுவதால் 1.2 மில்லி விநாடிக்குப் பெட்ரோல் ஊற்றும். 20% கூடுதல். அதைச் சமன்செய்ய ட்ரிம் −20% பக்கம் போக வேண்டும். நிதானமாக ஓட்டும்போது தேவை 4 மில்லி விநாடி, அதே 0.2 அங்கே 5%தான். முழு பூஸ்டில் 12 மில்லி விநாடிக்கு மேல், அங்கே 2%கூட இல்லை. உங்கள் −18%, −5% இரண்டையும் இதோடு வைத்துப் பாருங்கள். இவ்வளவு பொருந்தி வரும்போது நான் வேறு காரணம் தேட மாட்டேன்.

இந்த ஐடில் ரிச்சை மாஃப் வளைவின் அடிப்பகுதியைக் குறைத்துச் சரிசெய்தால் என்ன ஆகும்? ஐடில் சரியாகிவிடும். மறுநாள் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி வோல்ட் கீழே இருக்கும், டெட் டைம் வேறாக இருக்கும், எஞ்சின் முரண்டு பிடிக்கும். ஏசி போட்டால் ஒரு மாதிரி, ரேடியேட்டர் விசிறி சுற்றினால் இன்னொரு மாதிரி. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒட்டு.

இன்ஜெக்டரை விற்றவரிடம் வோல்ட் வாரியாக, அழுத்தம் வாரியாக டெட் டைம் எண்களைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தர முடியாத இன்ஜெக்டரை நான் வாங்குவதில்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும். போட்ட எண்கள் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடானபின், ட்ரிம் திருத்துவதை மென்பொருளில் நிறுத்திவிட்டு, ஐடிலில் லாம்டாவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர், விசிறி எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். வோல்ட் கொஞ்சம் இறங்கும். லாம்டா நகராமல் நின்றால் வோல்ட்டுக்கு ஏற்ற டெட் டைம் சரிவு சரி. லீன் பக்கம் போனால், குறைந்த வோல்ட்டில் கொடுத்திருக்கும் நேரம் போதாது. ரிச் பக்கம் போனால் அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகுதான் மாஃப். 60-லிருந்து 75 மி.மீ. போனதற்கு நீங்கள் 1.56 ஆல் பெருக்கியது சரியான தொடக்கம். 75-ஐ 60 ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.5625 வரும். அது தொடக்கம் மட்டுமே. குழாயின் நடுவில் காற்று வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் போகும். சென்சார் பார்ப்பது தன் சின்ன வாயில் நுழையும் காற்றை மட்டும். அந்த வேக அமைப்பு குழாய்க்குக் குழாய் மாறும், வளைவுக்கு வளைவு மாறும். குழாயைத் தளர்த்திச் சென்சாரைச் சில டிகிரி திருப்பினாலே அளவு மாறுவதைப் பார்க்கலாம். ஆகவே டியூனிங் தொடங்கும் முன் குழாயில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள், பிறகு கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் வரும். வளைவு முடிந்த இடத்திலேயே சென்சார் இருக்கக் கூடாது, முன்னால் கொஞ்சம் நேரான குழாய் வேண்டும். எண்ணெய் தடவும் வகை ஃபில்டர் என்றால் அளவோடு தடவுங்கள், எண்ணெய் அந்தச் சூடான கம்பியில் படிந்தால் அளவு தவறும். பெரிய குழாய்க்கு ஒரு விலையும் உண்டு. ஐடிலில் காற்றின் வேகம் மிகக் குறைந்து, சென்சார் தன் வளைவின் அடிமட்டத்தில் தடுமாறும். டெட் டைமைச் சரிசெய்த பிறகும் ஐடில் ஏறி இறங்கினால் இதைச் சந்தேகியுங்கள்.

வளைவைத் திருத்துவதற்கு லாகில் மாஃப் வோல்ட், குறுகிய கால ட்ரிம், நீண்ட கால ட்ரிம் மூன்றும் போதும். ஆக்ஸிலரேட்டரை ஆட்டாமல் வெவ்வேறு வேகங்களில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். மிதிக்கும் நொடிகளை லாகிலிருந்து கழித்துவிடுங்கள். அந்த நேரத்தில் போர்ட் சுவரில் ஒட்டும் பெட்ரோல் கணக்கைக் குழப்பும். வோல்ட் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு ட்ரிம்களின் கூட்டுத்தொகையை எடுத்து, அந்த இடத்து எண்ணை அவ்வளவு சதவீதம் மாற்றுங்கள். ட்ரிம் வேலை செய்யாத பூஸ்ட் பகுதியில், அளந்த லாம்டாவைக் கேட்ட லாம்டாவால் வகுத்து அந்த எண்ணால் பெருக்க வேண்டும். 0.80 கேட்டு 0.84 வந்தால் 1.05. ஆனால் ரயில் அழுத்தம் சரியாமல் நிற்கிறது என்று லாகில் பார்த்தபிறகுதான் இதைச் செய்ய வேண்டும். திருத்திய வளைவை வரைந்து பாருங்கள். உண்மையான மாஃப் வளைவு வழவழவென்று ஏறும். நடுவில் ஒரு மேடோ பள்ளமோ தெரிந்தால் அது காற்றுடையது அல்ல, நீங்கள் எங்கிருந்தோ கொண்டுவந்து ஒளித்துவைத்த வேறொரு பிழை.

மாஃப் சொல்வது உண்மையா என்று விசாரிக்க இன்னொரு சாட்சி உண்டு, அதுதான் ஸ்பீட் டென்சிட்டி கணக்கு. மாறாமலே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். மேனிஃபோல்டில் 200 கிலோபாஸ்கல், இது பூஸ்ட் அல்ல, வளிமண்டலத்தையும் சேர்த்த முழு அழுத்தம். காற்று 40 டிகிரி, கெல்வினில் 313. ஒரு சிலிண்டர் அரை லிட்டர், அது 95% நிரம்புகிறது என்று கொள்வோம். வாயுச் சமன்பாட்டில் போட்டால் சிலிண்டருக்கு ஒரு தடவை 1.06 கிராம் காற்று. 6000 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து விநாடிக்கு 211 கிராம். உங்கள் மாஃப் அந்த இடத்தில் 200, 220 என்று காட்டினால் நிம்மதி. 160 என்றோ 260 என்றோ காட்டினால் எங்கோ பொய் இருக்கிறது. இன்னும் ஒரு படி போனால், 1.06 கிராம் காற்றுக்கு லாம்டா 0.80-ல் 0.09 கிராம் பெட்ரோல். உங்கள் 575 சிசி இன்ஜெக்டருக்கு அது 12.6 மில்லி விநாடி, டெட் டைம் சேர்த்து 13.5. 6000 ஆர்பிஎம்மில் இரண்டு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் 20 மில்லி விநாடி. அதுதான் நான் மேலே சொன்ன 67%.

அப்படியானால் முழுக்கவே ஸ்பீட் டென்சிட்டிக்குப் போய்விட்டால் என்ன? இரண்டும் புதிய சண்டை இல்லை. பாஷ் நிறுவனம் 1967-ல் கொண்டுவந்த டி ஜெட்ரானிக் மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டது. அந்த டி, ஜெர்மனில் அழுத்தத்தைக் குறிக்கும் ட்ருக் என்ற சொல்லின் முதல் எழுத்து. எழுபதுகளில் காற்றையே அளக்கும் எல் ஜெட்ரானிக் வந்தது, எல் என்றால் லுஃப்ட், காற்று. இரண்டு வழியிலும் நன்றாக ஓடும் எஞ்சின்கள் ஏராளம்.

வேறுபாடு இதுதான்: மாஃப் காற்றை அளக்கிறது, ஸ்பீட் டென்சிட்டி அதை ஊகிக்கிறது. சிலிண்டர் எவ்வளவு நிரம்பும் என்ற அட்டவணையை நீங்கள் ஆர்பிஎம் வாரியாக, அழுத்தம் வாரியாக நிரப்பித் தர வேண்டும். எக்ஸாஸ்டை மாற்றினால், கேம்ஷாஃப்டை மாற்றினால், டர்போவை மாற்றினால் அந்த அட்டவணை பழசாகிவிடும். மாஃப் இந்த மாற்றங்களைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். அடுத்தது வெப்பம். உங்கள் காற்று வெப்ப சென்சார் மாஃபுக்குள்ளேயே, டர்போவுக்கு முன்னால் இருக்கும் வகையாக இருந்தால், அது 35 டிகிரி என்று சொல்லும்போது மேனிஃபோல்டில் 60 டிகிரி இருக்கலாம். அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் 8% தவறு. சென்சாரை இன்டர்கூலருக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். ஆனால் மேனிஃபோல்ட் உலோகத்திலேயே பொருத்தினால், ஓட்டிவிட்டு நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது சென்சார் உலோகச் சூட்டைக் காற்றின் சூடு என்று சொல்லும். ஈசியு காற்று குறைவு என்று நினைத்துப் பெட்ரோலைக் குறைக்கும், எஞ்சின் லீனாகித் தடுமாறும். இன்டர்கூலருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள குழாயில், வேகமாகப் பதில் சொல்லும் திறந்த முனை சென்சாரைப் போடுவது நல்லது. அழுத்த சென்சாரும் 3 பார் வகையாக இருக்க வேண்டும். 2 பார் சென்சார் என்பது முழு அழுத்தத்தில் 2 பார், உங்கள் 1 பார் பூஸ்டிலேயே அது முட்டிவிடும்.

மாறுவதற்கு நியாயமான காரணங்கள் இல்லாமல் இல்லை. மாஃப் உச்சம் தொட்டுவிட்டால், அதைப் பொருத்த நேரான குழாய்க்கே இடமில்லை என்றால், ஐடிலில் காற்று முன்னும் பின்னும் துடிக்கும் அளவுக்குப் பெரிய கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால், நானே மாறுங்கள் என்று சொல்வேன். காலை எடுத்ததும் மிஞ்சிய பூஸ்டை விடுவிக்கும் புளோ ஆஃப் வால்வை வெளிக்காற்றில் திறக்க விடுவதற்காக மட்டும் என்றால் வேண்டாம். மாஃப் அளந்த காற்றை அது வெளியே கொட்டுவதால்தான் காலை எடுத்ததும் கலவை ரிச்சாகி, டப் டப்பென்று வெடிக்கிறது. வால்வின் வெளிவாயைக் குழாய் போட்டு டர்போவுக்கு முன்னால் திருப்பிவிட்டால் தீர்ந்தது.

உங்கள் எஞ்சினில் மாஃபைக் கழற்ற ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. பம்பும் டெட் டைமும் பிரச்சினையாக இருக்கும்போது ஸ்பீட் டென்சிட்டிக்குப் போனாலும் அதே பம்ப், அதே டெட் டைம். லீனும் ரிச்சும் கூடவே வரும், அவற்றை மறைக்க இன்னும் பெரிய அட்டவணை ஒன்று கைக்குக் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே குழாய்ச் சோதனை, பம்ப் வோல்ட், ரயில் அழுத்தம், டெட் டைம், பிறகு மாஃப் வளைவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி லாக் எடுங்கள். மறுபடி பூஸ்டுக்குப் போகும்போது 0.5 பாரில் தொடங்கி, ரயில் அழுத்தம் மேனிஃபோல்டைவிட எப்போதும் 3 பார் மேலே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள். முடிந்தால் டைனோவில், பக்கத்தில் ஒருவர் லாகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. 0.84 தாண்டினால் அடுத்த நொடியே காலை எடுத்துவிட வேண்டும்.

1.3 பார் கேட்டிருந்தீர்கள். அழுத்தம் 200-லிருந்து 230 கிலோபாஸ்கல் ஆகும், காற்று 15% கூடும், பல்ஸ் டெட் டைமோடு சேர்த்து 15.4 மில்லி விநாடி. 6000 ஆர்பிஎம்மில் 77%, தாராளம். அதே 1.3 பாரை 7000 வரை இழுத்தால் கிடைக்கும் நேரம் 17.1 மில்லி விநாடிதான், டியூட்டி 90% ஆகிவிடும். அங்கே எனக்கு மனம் ஒப்பாது. 6000-க்கு மேல் பூஸ்டை 1.1 பாருக்கு இறக்கி வைத்துக்கொண்டால் டியூட்டி 83% அளவில் நிற்கும், இந்த இன்ஜெக்டர்களே போதும். பூஸ்ட் கூடும் இடங்களில் இக்னிஷன் டைமிங்கை முதலில் பின்னால் இழுத்து வைத்துவிட்டு, நாக் சென்சாரின் பதிவைப் பார்த்து ஒவ்வொரு டிகிரியாக முன்னே கொண்டுவாருங்கள். லோடு எண் இப்போது உண்மையைச் சொல்வதால், ஒவ்வொரு டிகிரியும் நீங்கள் எழுதிய கட்டத்திலேயே போய் உட்காரும்.